விதானையாரின் மின்னஞ்சல் முகவரி

உங்கள் ஊர் நூலகத்தின் இணையத்தளத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். புதிதாக வந்த புத்தகங்கள், பள்ளி விடுமுறை நிகழ்ச்சிகள், மின்னூல்கள் எல்லாம் முகப்பிலேயே படத்தோடு இருக்கும். யாரை எந்த எண்ணில் அழைக்கலாம் என்பது மட்டும் கடைசி வரியில், சின்ன எழுத்தில் இருக்கும். அதை அழுத்தினால் "தொடர்புக்கு" என்ற பக்கம் வரும். நாலு பெயர், நாலு மின்னஞ்சல் முகவரி, இரண்டு தொலைபேசி எண். அவ்வளவுதான். உங்களில் பலர் அந்தப் பக்கத்துக்குப் போயே இருக்க மாட்டீர்கள்.

நான் கணினித் துறையில் ஆலோசகராக இருக்கிறேன். அலுவலகங்களின் பழைய கணினி அமைப்புகளைப் புதியவற்றுக்கு மாற்றிக் கொடுப்பது என் வேலை. லட்சக்கணக்கான பதிவுகளை ஒரு தரவுத்தளத்தில் இருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவது ஒரு இரவில் முடிந்துவிடும். ஆனால் இந்த நாலு பெயரில் யார் இன்னும் அங்கே வேலை செய்கிறார்கள் என்று கண்டுபிடிக்க ஒரு கிழமை ஆகும். கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் சொல்வார்கள்.

இது புதுப் பிரச்சினையும் இல்லை. நாம் இன்று பயன்படுத்தும் வலையே இந்தப் பிரச்சினையில் இருந்துதான் பிறந்தது என்று சொல்லலாம். சுவிட்சர்லாந்தில் ஜெனீவாவுக்குப் பக்கத்தில் சேர்ன் என்ற பெரிய இயற்பியல் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே உலகம் முழுவதிலும் இருந்து ஆட்கள் வருவார்கள், ஒன்றிரண்டு வருடம் வேலை செய்வார்கள், போய்விடுவார்கள். போகும்போது அவர்களுக்குத் தெரிந்த விஷயமும் அவர்களோடு போய்விடும். எதை யாரிடம் கேட்பது என்று பின்னால் வருபவர்களுக்குத் தெரியாது. 1989இல் ரிம் பேர்னர்ஸ்-லீ தன் மேலதிகாரிகளுக்கு எழுதிக் கொடுத்த திட்டம் இந்தக் குறையைச் சொல்லித்தான் தொடங்கியது. அந்தத் திட்டம்தான் பிறகு உலகளாவிய வலை ஆனது.

அதைவிடச் சுவையான விஷயம் ஒன்று உண்டு. வலையைச் செய்து முடித்த பிறகும் சேர்னில் பலர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்களை இழுத்து வந்தது அங்குள்ள ஊழியர்களின் தொலைபேசிப் புத்தகம். அதுவரை ஒரு எண்ணைத் தேடுவதற்குப் பெரிய மையக் கணினிக்குள் நுழைந்து கட்டளைகள் தட்ட வேண்டியிருந்தது. வலையில் போட்டதும் ஒரு சொல்லைத் தட்டினால் எண் வந்தது. அங்கே பலருக்கு வலை என்றால் தொலைபேசிப் புத்தகம் என்றுதான் கொஞ்சக் காலம் அர்த்தம். ஆகவே "யாரைத் தொடர்பு கொள்வது?" என்பது வலை பதில் சொன்ன முதல் கேள்விகளில் ஒன்று. முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் அதற்குச் சரியான பதில் சொல்ல எங்கள் இணையத்தளங்கள் தடுமாறுகின்றன.

தடுமாறினால் என்ன ஆகும் என்பதை என் அம்மம்மாவை வைத்துச் சொல்கிறேன்.

அம்மம்மாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. சிட்னியின் மேற்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் இருக்கிறா. இடுப்பு எலும்பு முறிந்த பிறகு தனியாக வெளியே போவதில்லை. நியூ சவுத் வேல்ஸில் பல நகரசபை நூலகங்களில் ஒரு நல்ல சேவை உண்டு: நூலகத்துக்கு வர முடியாதவர்களின் வீட்டுக்கே புத்தகப் பை வரும். அம்மம்மாவுக்கும் மாதம் ஒரு பை வந்தது. அதில் ஆறு ஏழு தமிழ்ப் புத்தகங்கள் இருக்கும்.

பையை ஒழுங்கு செய்தவர் ஒரு பெண்மணி. அவருக்குத் தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது. இல்லை, ஒரே ஒரு எழுத்து தெரியும். அம்மம்மா வாசித்து முடித்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக "ச" என்று எழுதிவிடுவா. அது அவவின் பெயரின் முதல் எழுத்து. அந்தப் பெண்மணி புத்தகம் எடுக்கும்போது கடைசிப் பக்கத்தைப் புரட்டி, "ச" இருந்தால் திருப்பி வைத்துவிடுவார். இப்படி மூன்று வருடம் ஒரு புத்தகம்கூட இரண்டாம் தரம் வரவில்லை.

பிறகு ஒரு மாதம் பை வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. அம்மா நூலகத்தின் இணையத்தளத்தைப் பார்த்தா. அந்தப் பெண்மணியின் பெயர், நேரடித் தொலைபேசி எண், மின்னஞ்சல் எல்லாம் அப்படியே இருந்தன. அம்மா மின்னஞ்சல் போட்டா. திரும்பி வரவில்லை, பதிலும் வரவில்லை. தொலைபேசி எடுத்தா. அந்தப் பெண்மணியின் குரலே வந்தது: செய்தியை விடுங்கள், நான் திரும்ப அழைக்கிறேன் என்று. அம்மா மூன்று தரம் செய்தி விட்டா.

அம்மம்மா புத்தகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் என்னிடம் மெதுவாகக் கேட்டா: "பிள்ளை, அந்தப் பெட்டைக்கு ஏதும் சுகமில்லையோ தெரியாது. ஒருக்கால் விசாரிச்சுப் பாரன். புத்தகம் வராட்டிப் பரவாயில்லை."

நான் வேலை முடிந்து வரும் வழியில் நேரே நூலகத்துக்குப் போனேன். மேசையில் இருந்த இளைஞர் ஐந்து நிமிடத்தில் விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார். அந்தப் பெண்மணி வேறு ஒரு நகரசபைக்கு வேலை மாறிப் போய் மூன்று மாதம். நல்ல சுகமாக இருக்கிறார். புதிதாக வந்தவருக்கு யார் யாருக்குப் பை போக வேண்டும் என்ற பட்டியலில் பாதிதான் கைமாறி இருந்தது. "நீங்கள் எல்லாரும் ஏன் எங்களுக்கு அழைக்கவில்லை?" என்று அவர் உண்மையாகவே கேட்டார். நான் தொலைபேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். அவர் அதை அதுவரை பார்த்ததே இல்லை.

ஏன் பார்க்கவில்லை என்று யோசித்துப் பாருங்கள். நூலகத்தில் வேலை செய்பவருக்கு அந்தப் பக்கம் தேவையே இல்லை. சக ஊழியரிடம் பேச வேண்டுமென்றால் உள்ளே தனிப் பட்டியல் இருக்கும், அல்லது எழும்பிப் போய்க் கேட்பார். நேரில் வரக்கூடிய வாசகருக்கும் அது தேவையில்லை. மேசையில் கேட்டால் போதும். அந்தப் பக்கத்தை நம்பி இருப்பவர்கள் வேறு வழி இல்லாதவர்கள் மட்டும்தான்: நடக்க முடியாதவர்கள், தூரத்தில் இருப்பவர்கள், நேரே போய்க் கேட்கக் கூச்சப்படுபவர்கள், அல்லது ஆங்கிலத்தில் பேசுவதைவிட எழுதுவது இலகு என்று நினைப்பவர்கள். பிழையான எண் அவர்களுக்குத்தான் வலிக்கும். அவர்கள்தான் முறைப்பாடு செய்யாதவர்களும். அதனால்தான் அந்தப் பிழை வருடக்கணக்கில் அப்படியே கிடக்கிறது.

ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். சம்பளப் பட்டியலில் இருந்து அவர் பெயர் உடனே எடுக்கப்படும். எடுக்காவிட்டால் காசு போகும். கதவு திறக்கும் அட்டை நிறுத்தப்படும். நிறுத்தாவிட்டால் ஆபத்து. மின்னஞ்சல் கணக்கைச் சில இடங்களில் உடனே மூடிவிடுவார்கள். சில இடங்களில், முக்கியமான கடிதம் ஏதும் தவறிவிடக் கூடாது என்று திறந்தே வைப்பார்கள். ஆனால் அதை வாசிக்க யாரையும் போட மாட்டார்கள். மூடிய கணக்கு எவ்வளவோ மேல். கடிதம் திரும்பி வரும், அனுப்பியவருக்கு விஷயம் விளங்கும். திறந்து கிடக்கும் கணக்கு எல்லாவற்றையும் சத்தமில்லாமல் விழுங்கிவிடும்.

இணையத்தளம்? அதில் ஒன்றும் நடக்காது. பெயர் அப்படியே இருந்தால் அலுவலகத்துக்கு ஒரு சதமும் நட்டம் இல்லை. போதாததற்கு, நகரசபை நூலகங்களில் பல இடங்களில் இணையத்தளம் நூலகத்தின் கையில் இருப்பதில்லை. நகரசபையின் தகவல் தொடர்புப் பிரிவின் கையில் இருக்கும். ஒரு எண்ணை மாற்றப் படிவம் நிரப்பிக் காத்திருக்க வேண்டும். படிவத்தை யார் நிரப்புவது? போனவர் போய்விட்டார். வந்தவருக்குத் தன் பெயர் அங்கே இல்லை என்பதே தெரியாது.

இதற்கு வழி என்ன? எங்கள் ஊரிலேயே ஒரு வழி இருந்தது. அம்மம்மா இன்றும் யாழ்ப்பாணத்துக் கதை சொல்லும்போது "விதானையாரிட்டக் கேட்டால் தெரியும்" என்பா. விதானையார் என்றால் கிராமத் தலைவர். பத்திரம், கடிதம், சண்டை, சச்சரவு எல்லாவற்றுக்கும் அவரிடம்தான் போவார்கள். இலங்கையில் 1963இல் அந்தப் பதவியை எடுத்துவிட்டு, கிராம சேவகர் என்ற அரச உத்தியோகத்தைக் கொண்டுவந்தார்கள். பிறகு அதன் பெயர் கிராம உத்தியோகத்தர் என்று மாறியது. ஆட்கள் எத்தனையோ தரம் மாறிவிட்டார்கள். ஆனால் ஊரில் வயதானவர்கள் இன்னும் விதானையார் என்றுதான் சொல்கிறார்கள். அப்படிச் சொல்லிக் கேட்டாலும் சரியான ஆளிடம்தான் வழி காட்டுவார்கள். பழைய பெயரைச் சொன்னாலும் இன்றைக்கு அந்தக் கதிரையில் இருப்பவரிடம் போய்ச் சேரலாம்.

மின்னஞ்சலை உருவாக்கியவர்களும் இதே முடிவுக்குத்தான் வந்தார்கள். மின்னஞ்சல் பெறும் ஒவ்வொரு இடத்திலும் "போஸ்ட்மாஸ்டர்" என்ற பெயரில் ஒரு முகவரி கட்டாயம் இருக்க வேண்டும் என்று 1982இல் எழுதிய விதி சொல்கிறது. அந்த வேலையைச் செய்பவர் யாராகவும் இருக்கலாம். பெயர் தெரியத் தேவையில்லை. அந்த முகவரிக்கு எழுதினால் பொறுப்பான ஒரு மனிதரிடம் போய்ச் சேர வேண்டும். 1997இல் இதை விரித்து, தகவல், உதவி, விற்பனை, முறைப்பாடு என்று ஒவ்வொரு வேலைக்கும் பொதுவான முகவரிப் பெயர்களை ஒழுங்குபடுத்தினார்கள். ஆளின் பெயரில் முகவரி வைத்தால் ஆள் போகும்போது முகவரியும் செத்துவிடும். வேலையின் பெயரில் வைத்தால் பின்னால் இருக்கும் ஆள் மாறிக்கொண்டே இருக்கலாம், முகவரி நிற்கும்.

அவுஸ்திரேலிய நூலகங்களுக்கு இது நன்றாகவே தெரியும், தங்களுக்குள் பேசும்போது. மெல்பேர்னில் இல்லாத புத்தகத்தை இன்னொரு மாநில நூலகத்தில் இருந்து எடுப்பிக்க ஒரு முறை இருக்கிறது. அதற்காகத் தேசிய நூலகம் ஒரு விபரக்கொத்து வைத்திருக்கிறது. அதில் ஒவ்வொரு நூலகத்துக்கும் ஒரு குறியீடு உண்டு. கன்பராவில் உள்ள தேசிய நூலகம் "ஏஎன்எல்". நியூ சவுத் வேல்ஸ் மாநில நூலகம் "என்எஸ்எல்". விக்டோரியா மாநில நூலகம் "விஎஸ்எல்". குறியீட்டுக்குப் பின்னால் இருக்கும் முகவரியையும் தொலைபேசியையும் அந்தந்த நூலகமே புதுப்பிக்கும். ஆட்கள் ஓய்வு பெறுவார்கள், கட்டடம்கூட மாறலாம், குறியீடு மாறாது. புதுப்பிக்காவிட்டால் புத்தகம் வராது. உடனே தெரிந்துவிடும். அதனால் ஒழுங்காகப் புதுப்பிக்கிறார்கள்.

ஆட்கள் மட்டும்தான் மாறுவார்கள் என்று நினைக்காதீர்கள். நிறுவனமே ஒரு நாளில் மாறலாம். 12 மே 2016 அன்று நியூ சவுத் வேல்ஸ் அரசு பல நகரசபைகளைக் கலைத்து, 19 புதிய சபைகளை அறிவித்தது. நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் வென்ட்வர்த்வில்லில் உள்ள நூலகம் அதற்கு முதல்நாள் வரை ஹோல்ரொய்ட் நகரசபையின் நூலகம். அடுத்த நாள் ஹோல்ரொய்ட் என்ற நகரசபையே இல்லை. கம்பர்லாண்ட் என்ற புதிய சபையின் கீழ் அது வந்தது. கட்டடம் அதே, புத்தகங்கள் அதே, மேசையில் இருந்தவர்களும் அதே. ஆனால் ஹோல்ரொய்ட் என்ற பெயரில் அச்சிட்ட அட்டைகள், கடிதத் தலைப்புகள், மின்னஞ்சல் முகவரிகள் எல்லாம் ஒரே இரவில் பழசாகிவிட்டன. இப்படிப்பட்ட நேரத்தில் செய்ய வேண்டிய வேலை பழைய முகவரிக்கு வரும் கடிதத்தைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிடுவது. ஒரு மாதத்துக்கு இல்லை, வருடக்கணக்கில். குளிர்பெட்டியின் கதவில் ஒட்டி வைத்த துண்டில் பழைய எண்தான் இருக்கும். அதை எழுதி ஒட்டியவர் மறுபடி இணையத்தளத்தைப் பார்க்க மாட்டார்.

இங்கே உங்களில் சிலர் கேட்பீர்கள்: அப்படியானால் ஆட்களின் பெயரையே எடுத்துவிட்டால் என்ன? நியாயமான கேள்வி. ஊழியரின் பெயரையும் நேரடி எண்ணையும் உலகத்துக்கே காட்டினால் தொல்லை தருபவர்களுக்கும் அது கிடைக்கும். அவர் பெயரில் போலி மின்னஞ்சல் அனுப்பி ஏமாற்றுபவர்களும் உண்டு. ஊழியர் விபரம் எவ்வளவு பெறுமதியானது என்பதற்கு ரொறன்ரோ பொது நூலகம் ஒரு பாடம். தமிழ்ப் புத்தகங்கள் நிறைய வைத்திருக்கும் நூலகம் அது. ஒக்டோபர் 2023இல் அதன் கணினிகளைத் தாக்கியவர்கள், 1998இல் இருந்து அங்கே வேலை செய்தவர்களின் சொந்த விபரங்களைத் திருடினார்கள். நூலகம் பழைய நிலைக்கு வர மாதக்கணக்கில் ஆனது.

ஆனால் இரண்டையும் குழப்பக் கூடாது. வீட்டு முகவரியும் பிறந்த திகதியும் உள்ளே பூட்டி வைக்க வேண்டியவை. வேலைத் தொடர்பு எண் வெளியே சரியாக இருக்க வேண்டியது. பல அலுவலகங்களில் இது தலைகீழாக நடக்கிறது. தேவையே இல்லாத பழைய சொந்த விபரங்களை இருபது வருடம் பத்திரமாக வைத்திருப்பார்கள். வாசகருக்குத் தேவையான ஒரு எண்ணை மாற்ற மறந்துவிடுவார்கள்.

பெயரை முழுதாக எடுப்பதிலும் ஒரு நட்டம் இருக்கிறது. அம்மம்மா நம்பியது "வீட்டு நூலகச் சேவை" என்ற பதவியை இல்லை, கடைசிப் பக்கத்தில் "ச" இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்த அந்த மனிதரை. வேலையின் பெயரில் ஒரு முகவரி வைத்தால் கடிதம் போய்ச் சேரும். ஆனால் "ச" போய்ச் சேராது. அதையும் யாராவது எழுதி வைக்க வேண்டும். பொறியியலில் முதுமாணி படிக்கும்போது எங்களுக்கு ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார்கள்: ஒரே ஒரு இடம் உடைந்தால் முழு அமைப்பும் நின்றுவிடும் என்றால், அந்த இடத்தை முதலில் கண்டுபிடி. பாலத்தில் அது ஒரு ஆணியாக இருக்கலாம். நூலகத்தில் அது ஒரு நல்ல ஊழியரின் ஞாபகம்.

அன்றைக்கு மேசையில் இருந்த இளைஞரிடம் இதைத்தான் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே அம்மம்மாவின் பதிவில் ஒரு குறிப்பு எழுதினார். "கடைசிப் பக்கம் பார்க்கவும்" என்று எழுதி, என்னிடம் கேட்டு "ச" என்ற எழுத்தையும் வரைந்து படம் எடுத்துச் சேர்த்தார். கொஞ்ச நாளில் இணையத்தளத்தில் ஒரு பெயருக்குப் பதிலாகச் சேவையின் பெயரில் ஒரு முகவரி வந்தது. அதை மூன்று பேர் பார்க்கிறார்களாம். ஒருவர் விடுமுறையில் போனாலும் மற்ற இருவர் இருப்பார்கள். அந்தப் பெண்மணி சுகமாக இருக்கிறார் என்று சொன்னதும்தான் அம்மம்மாவுக்கு நிம்மதி. "அப்ப சரி" என்றா.

இப்போது உங்கள் பக்கம் வருவோம். சிட்னியிலோ மெல்பேர்னிலோ நீங்கள் வார இறுதியில் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறவர் என்றால், அங்கே ஒரு சின்ன நூலகம் இருக்கும். இரண்டு அலுமாரிப் புத்தகம் என்றாலும் நூலகம்தான். பள்ளியை நடத்துபவர்கள் எல்லாரும் தொண்டர்கள். நிர்வாகக் குழு அடிக்கடி மாறும். இணையத்தளத்தில் இருக்கும் முகவரி பல இடங்களில் எப்போதோ செயலாளராக இருந்த ஒருவரின் சொந்த மின்னஞ்சலாகத்தான் இருக்கும். புதிதாக நாட்டுக்கு வந்த ஒரு குடும்பம் பிள்ளையைச் சேர்க்க அதற்குத்தான் எழுதும். பதில் வராவிட்டால் பள்ளி மூடிவிட்டது என்று நினைத்துக்கொள்ளும்.

உங்களால் இதைச் சரி செய்ய முடியும். பெரியவர்களைவிட உங்களுக்கு இது இலகு. முதலில் பள்ளியின் பக்கத்தில் உள்ள முகவரிக்கு ஒரு சின்னக் கடிதம் எழுதிப் பாருங்கள், எண்ணுக்கு ஒரு அழைப்பு எடுத்துப் பாருங்கள். எத்தனை நாளில் பதில் வருகிறது என்று குறித்து வையுங்கள். ஒரு கிழமையாகியும் ஒன்றும் வராவிட்டால் அதிபரிடம் போய்ச் சொல்லுங்கள். குறை சொல்வது போல வேண்டாம், செய்து பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். பள்ளியின் பெயரில் ஒரு பொது முகவரி உண்டாக்கி, இரண்டு மூன்று பேர் அதைப் பார்க்கும்படி செய்யக் கேளுங்கள். பக்கத்தின் அடியில் "கடைசியாகச் சரிபார்த்த நாள்" என்று ஒரு வரி போடச் சொல்லுங்கள். அந்த நாள் ஒரு வருடத்துக்கு மேல் பழசாக இருந்தால் யார் பார்த்தாலும் தெரியும், பக்கத்தைக் கவனிக்க ஆள் இல்லை என்று. ஒவ்வொரு தவணையும் தொடங்கும்போது அதைச் சரிபார்க்கும் வேலையை ஒரு மாணவரிடம் கொடுக்கலாம். பத்து நிமிட வேலை.

அந்த மாணவர் பெரிய வகுப்புக்குப் போகும்போது அடுத்தவரிடம் கையளித்துவிட்டுப் போகட்டும். எங்கே போய் மாற்றுவது, கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது, எந்தெந்தத் தாத்தா பாட்டிக்கு எந்த எழுத்து என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகட்டும்.